பிரித்துப் போட்டும் கிடைக்காத பென்சில்

போன வாரம் மகளின் சாதிச் சான்றிதழைத் தேடிக்கொண்டிருந்தேன். பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும் நேரத்தில்தான் எங்கள் வீட்டில் எந்தக் காகிதமும் வைத்த இடத்தில் இருக்காது. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று நம்பி ஆறுதல் அடைகிறேன். பீரோவின் அடித்தட்டில், என் மனைவி செல்வியின் புடவைகளுக்குக் கீழே ஒரு பழைய பிஸ்கட் டின் அகப்பட்டது. திறந்ததும் குப்பென்று தவிட்டு வாசம். உள்ளே ஒரு நோட்டு, மடித்த காகிதங்கள், மேலே ஒரு பென்சில். நான்கு விரற்கடை நீளம், பின்பக்கம் முழுக்கப் பல் பதிந்த தடம். பல் என்னுடையது. இந்தப் பென்சிலைத் தேடித்தான் நாங்கள் ஒரு போர் விமானத்தை மூன்று நாள் பிரித்துப் போட்டோம்.

தவிட்டு வாசத்துக்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வீடு காரைக்குடிப் பக்கம் புதுவயலில், ஓர் அரிசி மில்லுக்குப் பின்னால். துணி, தலையணை, கடிதம் எல்லாவற்றிலும் அந்த வாசம் ஏறிவிடும். பாலைவனத்து விமானத் தளத்தில் உட்கார்ந்து செல்வியின் தபாலைப் பிரித்தால் சோற்றுப் பசி எடுக்கும். என் உடம்பிலோ எப்போதும் விமான எரிபொருள் வாடை, ஏறக்குறைய மண்ணெண்ணெய்தான். லீவில் வந்தால், "மொதல்ல குளிச்சிட்டு வாங்க, ஸ்டவ் அடுப்பு மாதிரி நாறுறீக" என்பாள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு விமானப்படையில் சேர்ந்தவன் நான். ஊரில் பாதிப் பேர் நான் விமானம் ஓட்டுவதாகவே நினைத்திருந்தார்கள். நானும் வலியப் போய் மறுக்கவில்லை. உண்மையில் என் வேலை ரிப்பேர் பார்ப்பது. படையை விட்டு வரும்போது கையில் பட்டம் இருந்தால் பாங்கில் நாற்காலி, இல்லாவிட்டால் பாங்கு வாசலில் ஸ்டூல் என்று சீனியர்கள் பயமுறுத்தியதால், காரைக்குடியில் தொலைதூரப் படிப்பில் பி.காம். சேர்ந்தேன். அங்கேதான் பிடித்தது சனி. பரீட்சை வருஷத்துக்கு ஒருமுறை. சொல்லி வைத்தாற்போல் அந்த நேரத்தில்தான் எங்கள் பிரிவை இரண்டு மாதத்துக்கு எல்லைப்பக்கம் அனுப்புவார்கள். விமானம் போகும் இடத்துக்கு நாங்களும் போயாக வேண்டும். பரீட்சை காரைக்குடியை விட்டு நகராது.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளுக்கு எனக்குப் பதிலாகச் செல்வி போனாள். நான் கேட்கக்கூட இல்லை. அவளாகவே பஸ் ஏறிப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். ஆசிரியர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "நீங்க யாரும்மா? பேரு இல்லையே" என்று கேட்டாராம்.

"எங்க வீட்டுக்காரவுகளுக்காக வந்திருக்கேன் சார். அவுக விமானப்படையில இருக்காக. எழுதிக்கிட்டு மட்டும் போயிருறேன்."

வகுப்பே சிரித்ததாம். அவர் நல்ல மனிதர், உட்காரச் சொல்லிவிட்டார். அவள் எழுதிய நோட்டு எனக்குத் தபாலில் வரும். ஓரத்தில், 'இது எனக்கும் புரியலை, அடுத்த வாரம் கேட்டு எழுதுறேன்' என்று குறிப்பு இருக்கும். அடுத்த வாரம் புரிந்திருக்கும், அவளுக்கு. எனக்குப் புரிய இன்னும் இரண்டு கடிதம் ஆகும்.

இப்படியே தட்டுத் தடுமாறி எல்லாத் தாளும் முடிந்து, புள்ளியியல் ஒன்று மட்டும் நின்றது. அதற்கு மூன்று முறை ஹால்டிக்கெட் வந்தும் என்னால் வர முடியவில்லை. நான்காவதுதான் கடைசி வாய்ப்பு. அதையும் விட்டால் பதிவே காலாவதி, முன்பு தேறிய தாள்களும் செல்லாது. அந்த முறை எப்படியோ லீவு கிடைத்தது. ஞாயிறு காலை பத்து மணிக்குப் பரீட்சை. வியாழன் மத்தியானம் ரயில். ஹால்டிக்கெட் வீட்டு விலாசத்துக்கு வந்திருந்ததால், செல்வி அதை எடுத்துக்கொண்டு பரீட்சை நடக்கும் பள்ளிக்கூட வாசலில் நிற்பதாக ஏற்பாடு.

வியாழன் காலை கடைசி வேலையாக ஒரு விமானத்தின் விமானி அறைக்குள் இறங்கி ஏறினேன். எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்திலேயே ஒரு பள்ளம் இருக்கும். வேலை முடிந்ததும் ஒரு பள்ளமும் காலியாக இருக்கக்கூடாது. காலியாக இருந்தால் விமானம் பறக்காது, ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது. அன்று பள்ளங்கள் எல்லாம் நிறைந்திருந்தன. என் சட்டைப்பைதான் காலி. பைக்குள் எதையும் வைத்துக்கொண்டு விமானத்தில் ஏறக்கூடாது என்பது முதல் நாளே சொல்லித்தரும் பாடம். நானோ இடைவேளையில் கணக்குப் போட்டுப் பார்ப்பதற்காகப் பென்சிலைச் செருகிக்கொண்டு திரிந்தேன்.

சொல்லாமல் போயிருக்கலாம். ஒருவருக்கும் தெரியாது. பத்து நிமிஷம் பையில் கையை விட்டபடி நின்றேன். இருக்கைக்கு அடியில் ஓடும் கம்பிகளுக்கு நடுவே அந்தத் துண்டு சிக்கினால் போதும், விமானி என்ன இழுத்தாலும் விமானம் திரும்பாது. சார்ஜென்ட்டிடம் போய்ச் சொன்னேன். பீகார்க்காரர், வாய் திறந்தால் வசவுதான் வரும். அன்று திட்டவில்லை. பதிவேட்டில் சிவப்பு மையால் எழுதிவிட்டு, "உனக்கு ரயில் இன்றைக்குத்தானே?" என்று மட்டும் இந்தியில் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இருக்கையைக் கழற்றினோம். தரைத் தகடுகளைக் கழற்றினோம். ஸ்பேனர் தொலைந்தால் காந்தம் விட்டு எடுத்துவிடலாம், மரப் பென்சில் காந்தத்துக்கு வராது. கண்ணாடியும் டார்ச்சுமாகச் சந்து சந்தாகத் தேடினோம். தேடி முடியும்வரை ஒருவரும் வெளியே போகக்கூடாது என்று உத்தரவு. முகாமில் அப்போது கைப்போனும் கிடையாது. ஞாயிறு மத்தியானம், உள்ளே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த விமானம் ஏறி இறங்கும்வரை ஓடுபாதை ஓரத்திலேயே நின்றேன். சாயங்காலம் எங்கள் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டேன். செல்வி வந்தாள்.

"பத்தரை வரைக்கும் கேட்டுலயே நின்னேங்க. அரை மணி நேரம் லேட்டா வந்தாலும் விடுவாகளாம். வாட்ச்மேன் என் கையில ஹால்டிக்கெட்டப் பாத்துட்டு, பெல்லடிச்சாச்சு, உள்ள போங்கம்மான்னாரு. எனக்கில்லண்ணேன்னு சொன்னேன்."

நான் நடந்ததைச் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "விமானத்துக்கு ஒண்ணும் ஆகலையில்ல?" என்று கேட்டாள்.

அந்தப் பென்சில்தான் இப்போது என் உள்ளங்கையில் கிடந்தது. அடுப்படிக்குப் போய் நீட்டினேன். முகம் மாறவில்லை அவளுக்கு.

"அதுக்கப்புறம் லீவுல வந்தீகள்ல, அப்ப ஒங்க துணிப்பைய ஒதறுனேன். புள்ளியியல் நோட்டுக்குள்ள இருந்து விழுந்துச்சு."

அந்த விமானத்தில் ஏறுவதற்கு முந்தின நாள் படித்துவிட்டு, அடையாளத்துக்கு நானே உள்ளே வைத்திருக்கிறேன். மூன்று நாளும் அது ஊருக்குக் கட்டிவைத்த துணிப்பையிலேயே இருந்திருக்கிறது.

"ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன செஞ்சிருப்பீக? திரும்பப் பரீச்சை வைப்பாகளா?"

படையில் இருபது வருஷம் முடித்து வந்து, இப்போது கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டில் நடக்கும் விடுதியில் குழாய், ஜெனரேட்டர் பார்த்துக்கொள்கிறேன். பிளம்பர் வெளியே போகும்முன் அவர் ஸ்பேனர்களை எண்ணுகிறேன். அவருக்கு என்னைப் பார்த்தால் சிரிப்பு. நான் படித்த அந்தப் படிப்பை மூடிவிட்டார்கள். வகுப்பு நடந்த கட்டடத்தில் இப்போது ஜவுளிக் கிடங்கு. அந்த ரக விமானத்தையும் படையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

டின்னில் இருந்த மடித்த காகிதங்களைக் கடைசியாகத்தான் பிரித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கேள்வித்தாள். பரீட்சை முடியும்வரை காத்திருந்து, எழுதி வெளியே வந்த ஒரு பெண்ணிடம் கேட்டு வாங்கினாளாம். அதனுடன் பத்துப் பக்கம் விடைகள், எல்லாக் கேள்விக்கும், அவள் கையெழுத்தில். அவளையும் அந்தப் படிப்பில் சேர்த்துவிடலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அவளும் கேட்டதில்லை. முதல் பக்கத்தின் மேலே, பதிவெண் எழுதும் இடத்தில், என் எண்ணை எழுதியிருந்தாள்.