பாய் சொன்ன ஜெர்மன் சொல்

ஒருவருடைய அறிவைத் திருடி நான் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

அவர் தாம்பரம் பஸ்ஸில் பழக்கமான பாய். ஜெர்மனிக்குத் தோல் அனுப்பிய அவருடைய கம்பெனி மூடிவிட்டதால் வேலை தேடிக்கொண்டிருந்தார். எதைச் சொல்லுமுன்பும் ஓர் ஏலக்காயைக் கடிப்பார். எனக்கு மென்பொருளை ஜெர்மனில் மொழிபெயர்க்கும் வேலை; ‘அவெய்லபிள்’ என்பதை எப்படி எழுதுவதென்று ஒருநாள் அவரிடம் புலம்பினேன்.

“சரக்கா, ஆளா சார்? கடைச் சரக்குன்னா ‘எர்ஹெல்ட்லிஷ்’. ஆளுன்னா ‘ஃபெர்ஃபியூக்பார்’. ஆளுக்கு மொதல் சொல்லப் போட்டா வெள்ளக்காரன் சிரிப்பான்!”

சிறுசேரி அலுவலகத்தில் அதை என் கண்டுபிடிப்பாக முழங்கினேன். ஒரே பாராட்டு, தலைகால் புரியவில்லை. அடுத்த மாதம் எங்கள் குழுவுக்கு ஆள் எடுத்தபோது, குட்டு உடையுமென்று பயந்து பாயைப் பற்றி மூச்சுவிடவில்லை.

உறுத்தல் தாங்காமல் ஒருநாள் மேலாளரிடம் உண்மையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தவர், பாயை வரவழைத்து வேலை கொடுத்தார்.

முதல் நாளே மன்னிப்புக் கேட்டேன்.

“அதெல்லாம் அப்புறம் சார். நீங்க மொழிபெயர்த்த பக்கத்துல ஒம்போது தப்பு கீது, குந்துங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.