கம்ப்யூட்டர் மேல் போட்ட துப்பட்டி

திரையில் இருந்த அம்பு தானாக நகர்ந்தது. என் கை மவுஸில் இல்லை. கையில் துடைக்கிற துணிதான் இருந்தது.

மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து கம்ப்யூட்டர் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மாமியார் நடுவீட்டில் பாயில் படுத்திருந்தார். வேறு யாரும் இல்லை. அம்பு மெதுவாகப் போனது. நின்றது. எதையோ தேடுகிற மாதிரி மறுபடியும் போனது.

மேசை ஆடியிருக்கும் என்று நினைத்து மவுஸைக் கையில் தூக்கிப் பிடித்தேன். தூக்கிய பிறகும் அம்பு போனது.

ஆயத்துல் குர்ஸி ஓதினேன். பயந்தால் சிறு வயதிலிருந்து ஓதுவது. பாதியில் மறந்துவிட்டது.

அந்தக் கம்ப்யூட்டர் என் வீட்டுக்காரர் வாங்கியது. அவருக்கு சவூதியில் வேலை. எங்கள் ஊர் லப்பைக்குடிக்காடு. தெருவில் புதிதாக ஆம்பளைக் குரல் கேட்டால் யார் லீவில் வந்திருக்கிறார் என்றுதான் கேட்போம். அவர் தங்கச்சி கல்யாணத்துக்கு லீவில் வந்தபோது பெரம்பலூரில் வாங்கி, மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்து இறங்கினார். ஃபோன் லைனில் சின்னப் பெட்டி ஒன்றை மாட்டி இன்டர்நெட்டும் போட்டார். கல்யாண வீடியோ, அவர் அத்தா, என் மாமனார், பேசிய பழைய கேசட், மார்க்கப் பயான் எல்லாவற்றையும் அதற்குள் ஏற்றினார். அங்கே ரூமில் இருந்தபடி இங்கே இருக்கிற கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கலாம் என்றார். நான் நம்பவில்லை. சரி என்றேன்.

அவர் சவூதிக்குப் போன பிறகு அங்கிருந்து அது திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. ஜும்ஆ தொழுகை முடிந்து ஃபோன் பண்ணுவார்.

"திரையில தெரியுற அந்த நம்பரைப் படி, புள்ள."

நான் எட்டாவது வரை படித்தவள். நம்பர் படிக்க வரும். நடுவில் நடுவில் புள்ளி வரும். புள்ளியையும் சேர்த்துப் படிப்பேன். அதுதான் எங்கள் கம்ப்யூட்டரின் விலாசமாம். அவர் அங்கே போட்டுப் பார்ப்பார். சில நாள் திறக்கும். மறுநாள் திறக்காது.

அவரோடு ரூமில் இருந்த ஒரு தம்பிக்குக் கம்ப்யூட்டர் தெரியும். வரதராஜன்பேட்டைக்காரர். கிறிஸ்தவர். நம்ம பக்கத்து ஆள் என்பதால் இவருக்கு அவர் மேல் பிரியம். ஃபோனில் இவர் பேசும்போது பின்னால் அவர் குரல் கேட்கும்.

"அக்காகிட்ட, சின்னப் பெட்டில பச்சை லைட்டு எத்தனை எரியுதுன்னு கேளுங்கண்ணே."

"ரெண்டு எரியுதாம்."

"மூணு எரியணும். கரன்ட் போச்சான்னு கேளுங்க."

கரன்ட் போகவில்லை. மாமிதான். மழை கறுத்தால் வீட்டில் உள்ள எல்லா ப்ளக்கையும் பிடுங்கிவிடுவார். இடி விழுந்து டிவி வெடித்த வீடு ஒன்று தெருவில் இருந்தது. அதிலிருந்து அப்படி. பிடுங்கிப் போட்டால் நம்பர் மாறிவிடும். இவர் பழைய நம்பரையே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மாமியிடம் சொன்னேன். "மாமி, அதை மட்டும் பிடுங்காதீங்க. அவங்க பாக்க முடியலையாம்."

"இடி விழுந்தா அவன் எதைப் பாப்பான்? என் மௌத்தையா? அந்தப் பெட்டி முன்னால நீ உக்கார்ற நேரத்துக்கு கப்பல் ஏறி அவன் முன்னாலயே போய் உக்காந்துடலாம்."

பிறகு அந்தத் தம்பி ஏதோ ஏற்பாடு செய்தார். நம்பர் மாறினால் கம்ப்யூட்டரே அங்கே சொல்லிவிடும். அதன் பிறகு நான் படிக்க வேண்டியதில்லை. என்னைக் கேட்காமலே அவர்கள் உள்ளே வரலாம். அன்றைக்கு அது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அம்பு தானாக நகர்ந்த அந்தப் பகல் ஒரு செவ்வாய்க்கிழமை. வீட்டுக்காரர் டூட்டியில் இருக்கிற நேரம். அவர் வேலை செய்த இடத்தில் கேட்டிலேயே செல்ஃபோனை வாங்கி வைத்துவிடுவார்கள். அம்பை நகர்த்தியது அவர் இல்லை.

அம்பு கல்யாண வீடியோ இருந்த இடத்துக்குப் போனது. அங்கே மூன்று இருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் மட்டும் போட்டிருக்கும். முதலாவதன் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மூன்றாவதைத் திறந்தது.

திரையில் நாத்தனார் வந்தாள். மருதாணி போட்ட அன்று எடுத்தது. தலைமுடியை அவிழ்த்துவிட்டு, முக்காடு இல்லாமல், இரண்டு கையையும் விரித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும். ஓரத்தில் நான். நானும் கை தட்டி ஆடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊரில் பெண்கள் பக்கத்தைப் பெண்தான் கேமரா பிடிப்பாள். திருச்சியிலிருந்து கூட்டி வருவோம். அந்த சிடி பீரோவில் இருக்கும். போட்டுப் பார்க்கும்போது வீட்டு ஆம்பளைகள் எழுந்து வெளியே போய்விடுவார்கள். சொந்த அண்ணன் கூட உட்கார மாட்டான். தங்கச்சி மட்டுமா அதில் இருக்கிறாள்? ஊரே இருக்கிறது.

அது எப்படிக் கம்ப்யூட்டருக்குள் வந்தது என்று எனக்கு அந்த நிமிஷம் விளங்கவில்லை.

நாத்தனாரைக் கொடுத்தது அரியலூரில். கண்டிப்பான குடும்பம். சம்பந்தம் பேசும்போதே மாப்பிள்ளையின் அத்தா சொல்லிவிட்டார், பெண்ணின் போட்டோ ஒன்று கூட வெளியே போகக் கூடாது என்று. என் வீட்டுக்காரரும் தலையாட்டி வாக்குக் கொடுத்தார். கம்ப்யூட்டரில் படம் திறந்த அன்று அவள் ஐந்து மாதக் கர்ப்பம். இந்தப் படம் எவன் கையிலாவது போய் ஒரு செல்ஃபோனில் சுற்றினால் அவளைக் கொண்டுவந்து இந்த வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மூடத் தெரியவில்லை. மவுஸைப் பிடித்து இழுத்தேன். அம்பு என் பக்கம் வந்தது. பிறகு அந்தப் பக்கம் போனது. இரண்டு பேர் ஒரு கயிற்றை இழுக்கிற மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்கிறான் என்று அப்போதுதான் உடம்புக்குத் தெரிந்தது.

வெளியே போகும்போது போர்த்துகிற என் துப்பட்டி கொடியில் கிடந்தது. உருவி எடுத்து மானிட்டர் மேல் போட்டு மூடினேன். இரண்டு மடிப்பாக. கொஞ்சம் மூச்சு வந்தது.

பிறகுதான் புத்தி வந்தது. நான் மூடியது என் கண்ணை. அங்கே இருக்கிறவனுக்கு எதுவும் மூடவில்லை. துப்பட்டிக்குள்ளே நாத்தனார் சிரித்துக்கொண்டுதான் இருப்பாள்.

மேசைக்கு அடியில் புகுந்து எல்லா வயரையும் பிடுங்கினேன். இன்டர்நெட் வயர், கரன்ட் வயர், எது என்று பார்க்கவில்லை.

சத்தம் கேட்டு மாமி எழுந்தார்.

"என்னம்மா, மழையா?"

"ஆமாம் மாமி."

வெளியே வெயில் கொளுத்தியது. மாமி ஜன்னலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இப்பத்தான் நீ என் மருமக" என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வீட்டுக்காரர் டூட்டி முடிந்து வரும் வரை ஒன்றும் செய்ய முடியாது. சோறு வடித்தேன். குழம்பில் உப்புப் போட்டேனா என்று தெரியாமல் மறுபடியும் போட்டேன். நடுவில் அரியலூரிலிருந்து ஃபோன் வந்தது. மணி அடித்ததும் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். நாத்தனார்தான்.

"மதினி, புளி சாதம் திங்கணும் போல இருக்கு. எங்க மாமி செஞ்சது நல்லா இல்ல. நீங்க வந்து செஞ்சு தர்றீங்களா?"

"வரேன்."

"என்ன குரல் ஒரு மாதிரி இருக்கு? எங்க அம்மா திட்டிச்சா?"

"இல்ல. சளி."

பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பிறகு அவர் செல்லுக்கு மிஸ்டு கால் கொடுத்தேன். அவரே கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன்.

"மூணாவதா?" என்றார்.

"ஆமாம். மருதாணி அன்னைக்கு எடுத்தது. அதை எதுக்கு மச்சான் ஏத்துனீங்க?"

"எனக்குத் தெரியாது புள்ள. சிடி மேல ஒண்ணு ரெண்டு மூணுன்னுதான் இருந்துச்சு. பொம்பளைங்க பக்கம் எதுலயாச்சும் வந்துடப் போகுதுன்னு நான் ஒண்ணையும் போட்டே பாக்கல. பாக்காமலேதான் காப்பி பண்ணேன்."

பார்க்கக் கூடாது என்று பார்க்காமல் இருந்திருக்கிறார். பார்த்திருந்தால் ஏற்றியிருக்க மாட்டார். அவர் மேல் கோபப்படக் கூட எனக்கு வழி இல்லை.

"ரூம்ல இன்னைக்கு யாரு இருந்தா?"

"தம்பிதான். காய்ச்சல்னு டூட்டிக்கு வரல."

அவர் செல்லைக் கையால் மூடியிருக்க வேண்டும். பேச்சு மங்கலாகக் கேட்டது. சத்தம் உயர்ந்தது. பிறகு அந்தத் தம்பி லைனில் வந்தார். காய்ச்சல் குரல்.

"அக்கா, மாதா மேல சத்தியமா சொல்றேன். ஊர்ப் பக்கம் ஏதாவது பாக்கணும் போல இருந்துச்சு. கல்யாண சாப்பாடு, ரோடு, பஸ்ஸு, ஏதாவது. அண்ணன் கிட்ட கேக்காம தொறந்தது தப்புதான். பொம்பளைங்கன்னு தெரிஞ்சதும் மூடிட்டேன்கா."

"மூடிட்டீங்களா?"

"மூடிட்டேன்கா. அப்பறந்தான் லைனு கட்டாச்சு."

வீட்டுக்காரர் ஃபோனை வாங்கினார்.

"நல்ல பையன் புள்ள. காப்பியெல்லாம் எடுக்கல. இங்க வந்தாலும் படம் ஓடாது. நின்னு நின்னுதான் வரும். ஒவ்வொரு படமா நிக்கும், அவ்வளவுதான்."

என்னைத் தேற்றத்தான் சொன்னார். ஓடுகிற படம் ஓடிப்போகும். நிற்கிற படத்தை எவ்வளவு நேரமும் பார்க்கலாம். அதை அவரிடம் சொல்லவில்லை.

"நீங்க அவரு செல்லுல இருக்கான்னு பாத்தீங்களா?"

"எப்படிப் பாக்குறது? இருந்துச்சுன்னா என் கண்ணுலதானே படும்? தெருப் பொம்பளைங்க எல்லாம் இருக்காங்கங்குற."

அதுவும் சரிதான்.

மூன்றாவதை அழிக்க வேண்டும் என்றேன். இன்டர்நெட் வயரை மாட்டாமல் கரன்ட் வயரை மட்டும் மாட்டச் சொன்னார். இரண்டு கம்பியும் ஒரே கறுப்பு. எது எது என்று தெரியவில்லை. தடித்ததை மாட்டு என்றார். மாட்டினேன். துப்பட்டியை எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். அம்பு நடுவில் சும்மா நின்றது. அது நகராமல் நிற்கிறதா என்று நிறைய நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஒரு தடவை மட்டும் அழுத்து. ரெண்டு தடவை அழுத்தினா தொறந்துடும்."

ஒரு தடவை அழுத்தினேன். டெலிட் என்று இருக்கிற பட்டனை அழுத்தச் சொன்னார். எழுத்துக் கூட்டிக் கண்டுபிடித்தேன். நிச்சயமா என்று ஏதோ கேட்டது. ஆம் என்றேன். போய்விட்டது.

அதற்குப் பிறகு இன்டர்நெட்டை மாட்டவில்லை. வெள்ளிக்கிழமை அவர் ஃபோனில் மட்டும் பேசுவார். மாமிக்குச் சந்தோஷம். நாத்தனாருக்கு எதுவும் தெரியாது. அரியலூரிலிருந்து ஃபோன் வரும்போதெல்லாம் மணி நின்று அவள் குரல் கேட்கிற வரை அவள் மாமனார்தான் கூப்பிடுகிறார் என்று நினைப்பேன். தெருவில் பையன்கள் இரண்டு பேர் ஒரு செல்ஃபோனைக் குனிந்து பார்த்தால் நான் வேறு சந்தில் சுற்றிப் போவேன்.

அந்தத் தம்பி சொன்னதைத் திரும்பத் திரும்ப நினைப்பேன். மூடிவிட்டேன், அப்புறம்தான் லைன் கட் ஆனது என்றார். நான் துப்பட்டி போட்டதற்கும் வயரைப் பிடுங்கியதற்கும் நடுவில் கொஞ்ச நேரம் இருந்தது. அந்த நேரத்தில் அம்பு மூலைக்குப் போய்ப் படத்தை மூடியிருந்தால் அவர் சொல்வது உண்மை. போகாமல் நின்றிருந்தால் பொய். பக்கத்திலேயே நின்ற நான் ஒருத்திதான் பார்த்திருக்க முடியும். அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் நான் துணி போட்டு மூடிவிட்டேன்.

அடுத்த வருஷம் அந்தத் தம்பி லீவில் ஊருக்கு வந்தார். யார் ஊருக்கு வந்தாலும் ரூமில் இருக்கிறவர்களின் பார்சலை அவரவர் வீட்டில் சேர்ப்பது வழக்கம். எங்கள் பார்சலை எடுத்துக்கொண்டு வந்தார். நாத்தனார் அன்று கைக்குழந்தையோடு எங்கள் வீட்டில் இருந்தாள்.

துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கதவின் திரைக்குப் பின்னால் நின்றேன். மெலிந்த ஆள். குரலை மட்டும் கேட்டுப் பெரிய ஆளாக நினைத்திருந்தேன். பார்சலை வாசல்படியில் வைத்தார்.

"அண்ணன் குடுத்தாங்கக்கா. பேரீச்சம்பழம், கோடாலித் தைலம்."

"உக்காருங்க. தண்ணி குடிச்சுட்டுப் போங்க."

மாமி டம்ளரை நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். வந்ததிலிருந்து தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மரியாதை தெரிந்தவர்கள் எங்கள் வாசலில் அப்படித்தான் நிற்பார்கள். முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று நான் திரை வழியே பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உள்ளே நாத்தனார் குழந்தையிடம் ஏதோ சொல்லிச் சத்தமாகச் சிரித்தாள்.

அவர் நிமிரவில்லை. டம்ளரை அப்படியே கீழே வைத்தார். "வரேன்கா" என்று செருப்பைப் போட்டுக்கொண்டு வேகமாகத் தெருவில் இறங்கிவிட்டார்.

டம்ளரை எடுத்தேன். தண்ணீர் குறையவே இல்லை.

"யாரு மதினி வந்தது?" என்றாள் அவள்.

"பார்சல் கொண்டாந்தவரு" என்றேன்.