நாற்பத்தொரு வண்டிகளில் மூன்றாவது எண்

எங்கள் கம்பெனியில் அவருக்கு மைனஸ் என்று பெயர். குளிரூட்டிய வண்டிகளுக்குள் வெப்பநிலையைக் கண்காணிக்கும் கருவி பொருத்துகிறவர். மீன் வண்டியோ பால் வண்டியோ மருந்து வண்டியோ, எது வந்தாலும் பின்பெட்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வார். அரை மணி நேரம் கழித்துக் கதவிடுக்கில் தலையை மட்டும் நீட்டி, "மைனஸ் பதினெட்டு!" என்று கத்துவார். அலுவலகத்தில் திரைக்கு முன்னால் இருக்கும் நான் ஜன்னல் வழியாக, "ஆமாண்ணா, பதினெட்டு!" என்று கத்த வேண்டும். பதினொரு வருடமாக நாங்கள் பேசிக்கொண்டதில் முக்கால்வாசி இதுதான்.

வேலையில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. உணர்கருவியைக் குளிர்காற்று நேராக அடிக்கும் இடத்தில் வைக்கமாட்டார், கதவுக்குப் பக்கத்திலும் வைக்கமாட்டார். காற்று பெட்டியைச் சுற்றிவிட்டுத் திரும்பும் இடம் எது என்று ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துப் பார்த்துத்தான் துளை போடுவார். துளையைப் பசையால் அடைத்து, விரலால் வழித்து, அந்த விரலைத் தன் சட்டையிலேயே துடைத்துக்கொள்வார். அவருடைய எல்லாச் சட்டைகளிலும் இடுப்புக்கு மேலே ஒரு வெள்ளைத் தடம் இருக்கும். தேய்த்துத் துவைக்க வீட்டில் ஆள் இல்லை.

அவர் மனைவிக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. மகளுக்குக் குழந்தை பிறந்தது, பார்த்துக்கொள்ள ஆறு மாதம் என்று சொல்லி வேறு ஊருக்குப் போனார். இப்போது நான்கு வருடம். சண்டை இல்லை, மனத்தாங்கல் இல்லை. அதனால் சமாதானம் செய்துவைக்கவும் வழி இல்லை. ஞாயிற்றுக்கிழமை இவர் போன் செய்வார். "குழந்தை தூங்குது, அப்புறம் பேசறேன்" என்று அந்த அம்மா வைத்துவிடுவார். அந்த அப்புறம் எப்போது வரும் என்று இவர் கேட்டதே இல்லை. நானாக இருந்தால் அடுத்த பஸ்ஸிலேயே போய் இறங்கியிருப்பேன். அவருக்கு அந்தத் துணிச்சல் கிடையாது.

ஒருமுறை அவர் விட்டுப்போன கருவிப் பையைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். மாடியில் ஒற்றை அறை. இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் துவைத்த துணி மலை போலக் குவிந்திருந்தது. என்னை இன்னொன்றில் உட்காரச் சொல்லிவிட்டு அவர் நின்றுகொண்டே இருந்தார். கதவருகே ஒரு ஜோடிப் பெண் செருப்பு, தூசி தட்டிச் சுத்தமாக வைக்கப்பட்டிருந்தது. எனக்கு உட்காரவே பிடிக்கவில்லை. இரண்டு நிமிடத்தில் கிளம்பி வந்துவிட்டேன். அதற்காக இன்றுவரை என்மேல் எனக்குக் கோபம்தான்.

இனி அந்தப் போன் விவகாரத்துக்கு வருகிறேன். பெட்டிக்குள் வெப்பம் எல்லை தாண்டினால் கருவி மூன்று எண்களுக்கு வரிசையாகப் போன் செய்யும். முதலில் டிரைவர், அடுத்து உரிமையாளர், அவர்கள் எடுக்காவிட்டால் மூன்றாவதாக ஒருவர். டிரைவர்கள் ஓட்டும்போது எடுக்கமாட்டார்கள். உரிமையாளர்கள் எப்போதுமே எடுக்கமாட்டார்கள். அழைப்பில் பேசும் குரல் என்னுடையது. அதற்குத் தனியாக ஆள் வைக்க மனசு வராமல் முதலாளி என்னையே பேசவைத்தார். பதிவு செய்த அன்று எனக்குக் கடும் சளி. "வணக்கம். உங்கள் வண்டியில் வெப்பநிலை கூடியிருக்கிறது. தகவல் கிடைத்துவிட்டால் எண் ஒன்றை அழுத்தவும்." அழுத்தும்வரை திரும்பத் திரும்பச் சொல்லும். நாற்பது நொடியில் தானாகவே வைத்துவிடும்.

கருவியைப் பொருத்தி முடித்ததும் சோதனைக்காக மூன்றாவது இடத்தில் மைனஸ் தன் எண்ணைப் போடுவார். பிறகு உணர்கருவியை உள்ளங்கையில் வைத்துப் பொத்திக்கொள்வார். கைச்சூடு ஏறியதும் அவருக்குப் போன் வரும். வந்தால் வேலை முடிந்தது, எண்ணை எடுத்துவிட வேண்டும். அதை அவர் எடுக்கவில்லை என்பது நான்கு வருடமாக எங்களில் யாருக்கும் தெரியாது.

போன மாதம் ஒரு மதியம் மருந்து வண்டி ஒன்றின் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்திருக்கிறது. டிரைவர் போனை வண்டியிலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். உரிமையாளர் வழக்கம்போல எடுக்கவில்லை. மூன்றாவதாக மைனஸுக்குப் போனது. அழைப்போடு வரும் குறுஞ்செய்தியில் வண்டி நின்ற இடம் இரண்டு தெரு தள்ளி என்று தெரிந்ததும் இவர் ஸ்கூட்டரில் போய்க் கதவை அழுத்திச் சாத்தியிருக்கிறார். திரும்பி வந்த டிரைவர், யாரோ ஒரு ஆள் வண்டிக் கதவில் கை வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு ஊரைக் கூட்டிவிட்டார். யார் நீ, எதற்கு வந்தாய் என்று ஆளாளுக்குக் கேட்க, இவர் மென்று விழுங்கி, "எனக்கு போன் வந்துச்சு" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மருந்து கெடாமல் தப்பியதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. சம்பந்தமில்லாத ஆளுக்கு எங்கள் வண்டி விவரம் எப்படிப் போனது என்று புகார்தான் வந்தது.

முதலாளி என் மேசைக்கு முன்னால் வந்து குதி குதி என்று குதித்தார்.

"அந்த ஆளோட நம்பர் எத்தனை வண்டியில இருக்குன்னு பாரும்மா. சாயங்காலத்துக்குள்ள ஒண்ணு விடாம தூக்கிடணும். இனிமே டெஸ்டுக்கும் ஆபீஸ் நம்பர்தான். அவர்கிட்ட நீயே சொல்லிடு."

"நீங்களே சொல்லலாமே சார்."

"நான் சொன்னா திட்டிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பார்த்தேன். நாற்பத்தொரு வண்டிகள். அழைப்புப் பட்டியலைத் திறந்தால் அடுத்த அதிர்ச்சி. மற்றவர்களெல்லாம் ஐந்து நொடி, ஆறு நொடியில் ஒன்றை அழுத்திவிட்டு வைத்திருக்கிறார்கள். மைனஸின் அழைப்புகள் மட்டும் நாற்பது, நாற்பது, நாற்பது. ஒரு நாளைக்கு இரண்டு, சில நாள் நான்கு. ஒன்றை அழுத்த ஒரு மனிதருக்கு நாற்பது நொடியா என்று எரிச்சல் வந்தது. நேரிலேயே கேட்டுவிடலாம் என்று எழுந்து போனேன்.

முற்றத்தில் மீன் வண்டி நின்றிருந்தது. பின்கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மைனஸ் எனக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தார். வலது கைக்குள் உணர்கருவி, இடது காதில் போன். சளி பிடித்த என் குரல் எனக்கே கேட்டது.

"சரிம்மா" என்றார் அவர். "இங்கயும் மூட்டமாத்தான் இருக்கு. கொடியில துணி கிடக்கு, போய்த்தான் எடுக்கணும்."

எண் ஒன்றை அழுத்தவும் என்றது என் குரல்.

"அழுத்தறேன், அழுத்தறேன். வெச்சிடறதுலயே குறியா இரு. காலையில பல்லு வலிச்சுது, இப்ப பரவால்ல..."

நாற்பது நொடி முடிந்து அழைப்பு அறுந்தது. அவர் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தார். பிறகு அதைப் பையில் போட்டுக்கொண்டு, படிவத்தில் "சரி" என்று எழுதினார்.

வந்த சுவடு தெரியாமல் திரும்பி வந்து உட்கார்ந்தேன். அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் ஒவ்வொரு வண்டியாகத் திறந்து அவர் எண்ணை எடுத்தேன். நிச்சயமாக நீக்கவா என்று திரை நாற்பத்தொரு தடவை கேட்டது. நானும் நாற்பத்தொரு தடவை ஆமாம் என்றேன். எனக்கும் வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், வேலை வேண்டும்.

சாயங்காலம் அவர் சாவியைக் கொடுக்க வந்தபோது பாதியைத்தான் சொன்னேன்.

"அண்ணா, இனிமே டெஸ்டுக்கு ஆபீஸ் நம்பர் போடச் சொல்லிட்டாரு."

"சரிம்மா" என்றார். மற்ற வண்டிகளிலும் அவர் எண்ணை எடுத்துவிட்டதைச் சொல்லாமல் சாவியை வாங்கி ஆணியில் மாட்டினேன்.

அடுத்த நாள் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கடுத்த நாளும் கேட்கவில்லை. வேலையில் எந்தக் குறையும் இல்லை. காகிதத் துண்டு, துளை, பசை, சட்டையில் துடைப்பது, எல்லாம் அப்படியேதான். ஆனால் மேல்பையில் இருந்த போன் கைக்கு வந்துவிட்டது. ஏணியில் ஏறும்போதும் பார்ப்பார், இறங்கும்போதும் பார்ப்பார்.

ஆறாம் நாள் மதியம், வானம் இருண்டுகொண்டு வந்த நேரத்தில், என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"என் போனுக்கு ஒரு கால் பண்ணிப் பாரும்மா. என்னமோ கோளாறு போல. ஒரு வாரமா ஒண்ணுமே வரல."

ஆபீஸ் போனை எடுத்து அவர் எண்ணை அழுத்தினேன். அதைப் பார்த்து அழுத்த வேண்டிய தேவை எனக்கு இல்லை, நாற்பத்தொரு தடவை பார்த்த எண். அவர் கையில் மணி அடித்தது. இரண்டடி தூரத்தில் நின்றவர், சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "சொல்லும்மா" என்றார்.

வைத்திருக்க வேண்டும். மணி அடித்துவிட்டது, சோதனை முடிந்தது. ஆனால் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"மழை வர்ற மாதிரி இருக்கு" என்றேன். "துணியெல்லாம் எடுத்தாச்சாண்ணா?"

அவர் திரும்பவில்லை. காதிலிருந்து போனையும் எடுக்கவில்லை. முதுகு மட்டும் ஒருமுறை ஏறி இறங்கியது.

"இல்லம்மா" என்றார், போனுக்குள்தான். "போய்த்தான் எடுக்கணும்."

"பல்லு வலி?"

நான் வைக்கவில்லை, அவரும் வைக்கவில்லை. நாற்பது நொடி எப்போதோ தாண்டியிருக்கும். கடைசியில் அவர் மெதுவாகப் போனை இறக்கி, என் முகத்தைப் பார்க்காமல், வண்டிச் சாவியை மேசையில் வைத்தார்.

"போன்ல கோளாறு ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, துணி எடுக்கப் போனார்.