பெரியவரின் பாஸ்வேர்டு

டிவியை வைஃபையில் சேர்ப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பாஸ்வேர்டைத் தட்டினால் வேலை முடிந்தது. ஆனால் எங்கள் வீட்டில் அதைத் தட்ட வந்தவர் என் கணவரின் அண்ணன். வீட்டில் எல்லோருக்கும் அவர் பெரியவர். வெலிங்டன் தீவில் ஒரு கிடங்கில் காவல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிடங்கை விட்டு வந்துவிட்டார், காவல் காக்கும் புத்தியை மட்டும் கையோடு கொண்டு வந்துவிட்டார்.

மட்டாஞ்சேரியில் அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே சுவர். இணைப்பு அவர் பெயரில், பெட்டி அவர் வீட்டில், சிக்னல் சுவரைத் தாண்டி எங்கள் வீட்டுக்கும் வரும். பாஸ்வேர்டை மட்டும் யாருக்கும் சொல்லமாட்டார். யாராவது போனை நீட்டினால் வாங்கிக்கொண்டு திரும்பி நின்று, கையால் மறைத்துத் தட்டித் தருவார். இப்படிக் காத்த அந்த ரகசியத்தைத் தெருப் பிள்ளைகள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த மனிதருக்கு உலகத்தில் மிகப் பிடித்த பெயர் எது என்று யோசித்தால் போதும். அவருடைய சொந்தப் பெயர், பின்னால் ஒன்று இரண்டு மூன்று. தெருவே அதில் படம் பார்த்தது. நெட் இழுக்கிறது என்று இவர் மட்டும் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அன்று காலை பத்து மணிக்கு மங்களூரில் என் மகளின் நர்சிங் கல்லூரியில் விளக்கேற்றும் சடங்கு. வெள்ளை உடுப்பில், கையில் விளக்கோடு உறுதிமொழி எடுப்பார்கள். அதற்குப் பிறகுதான் நோயாளியைத் தொடவே விடுவார்கள். காய்கறி விற்றுப் படிக்க வைத்தவள் நான். முன்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டியவளும் நான். வைப்பின் தீவுக்குப் போகும் படகில் ஏறும்போது வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தேன். கணவர் மட்டும் போனார். வீட்டில் இருந்த ஒரே நல்ல போனும் அவரோடு போனது. கல்லூரியில் நேரலை காட்டுவார்கள், டிவியில் பார் அம்மா என்று மகள் சொல்லியிருந்தாள். நடக்கும்போதே பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

பெரியவர் சாயா குடித்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பின்னால் அவர் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

"எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்கோ. பாஸ்வேர்டு அடிக்கப்போறேன்" என்றார்.

அறையில் இருந்ததே அக்காவும் நானும்தான். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பினாள். காலைத் தூக்க முடியாத நான் கழுத்தை மட்டும் திருப்பினேன். ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அமுக்கினார். தவறு என்றது டிவி. மறுபடி திரும்பினோம். மறுபடி தவறு. எங்கள் ரிமோட்டில் நடு பட்டன் பழுது, ஒரு தடவை அமுக்கினால் சில சமயம் இரண்டு தடவை விழும். திரையில் வெறும் புள்ளிகளாகத் தெரிவதால் அவருக்கு அது தெரியவில்லை. ஓரத்தில் கண் மாதிரி ஒரு படம் இருந்தது. அதை அமுக்கினால் எழுத்து தெரியும்.

நான் அவரிடம் நேராகப் பேசக் கூடாது. அதனால் அக்காவிடம் சொன்னேன்: "அக்கா, அந்தக் கண்ணை அமுக்கச் சொல்லுங்க. எழுத்து தெரியும்."

"எழுத்து தெரிஞ்சா பின்னே அது என்ன பாஸ்வேர்டு?" என்றார், என் பக்கம் பார்க்காமல் சுவரிடம்.

அதற்குள் அவர் போன் அடித்தது. மங்களூரிலிருந்து என் கணவர். சடங்கு தொடங்கிவிட்டது. "இப்ப செரியாக்கித் தரேன்" என்று வைத்துவிட்டார். அந்தப் போனிலேயே காட்டச் சொல்லுங்கள் என்று அக்காவிடம் கெஞ்சினேன். "இத்தர பெரிய டிவி இருக்கும்போ போன்ல என்ன காணும்?" என்று அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் போனை இன்னொருவர் தொட்டதாகச் சரித்திரம் இல்லை.

எங்கள் குடும்பத்தில் பெண்கள் கணவர் பெயரையும் கணவரின் அண்ணன் பெயரையும் வாயால் சொல்லக் கூடாது. ஆஸ்பத்திரியில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்ல வைப்போம். பொள்ளாச்சியிலிருந்து கல்யாணமாகி வந்த அன்றே மாமியார் எனக்குச் சொன்ன முதல் சட்டம் இது. சொன்னால் அவர்கள் ஆயுள் குறையுமாம். டிவி முன்னால் நின்று கொண்டிருந்தவரைப் பார்த்தால் ஆயுளுக்குக் குறை இருப்பதாகத் தெரியவில்லை. அக்காவுக்கும் பாஸ்வேர்டு தெரியும், எனக்கும் தெரியும். அவளுக்கு அது கணவர் பெயர், எனக்குக் கணவரின் அண்ணன் பெயர். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே என் மகள் விளக்கோடு நின்றுகொண்டிருந்தாள்.

இன்னும் இரண்டு தடவை தவறு. "டிவி கேடு. நாளைக்கு ஆளை வரச் சொல்லலாம்" என்று ரிமோட்டை வைக்கப் போனார்.

அவர் பெயரைச் சொன்னேன். அண்ணன் என்றோ சேட்டன் என்றோ ஒரு ஒட்டுகூட இல்லாமல், வெறும் பெயரை, தெருவுக்கே கேட்கும்படி. பிறகு "ஒண்ணு ரெண்டு மூணு" என்றேன். "இதுதானே? தெருவுக்கே தெரியும். இனி மறைக்க ஒண்ணும் இல்ல. கண்ணை அமுக்குங்க!"

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவதை நான் பார்த்தேன். பெரியவர் முகம் கறுத்துப்போய்க் கண் படத்தை அமுக்கினார். அவர் பெயர் திரை முழுக்க வந்து நின்றது. நடுவில் ஒரு எழுத்து இரண்டு தடவை விழுந்திருந்தது. சொந்தப் பெயரை எழுத ஒரு காலை முழுக்கப் பாடுபட்ட மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. அதிகப்படியான எழுத்தை அழித்தார். டிவி சேர்ந்தது.

வரிசை வரிசையாக வெள்ளை உடுப்பு. விளக்கேற்றக் கடைசி வரிசைதான் பாக்கி. அதில் மூன்றாவதாக என் மகள். விளக்கு காற்றில் அணையாமல் இடது கையால் மறைத்துப் பிடித்திருந்தாள். உறுதிமொழியைச் சொல்லி முடித்தாள். நான் வாய்விட்டு அழுதேன். பெரியவர் ரிமோட்டைக் கட்டிலில் போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

மத்தியானம் அக்காவின் பட்டன் போனில் என் கணவர் கூப்பிட்டார்.

"அண்ணன் பேரைச் சொன்னியாமே?"

பெற்ற மகள் விளக்கேற்றிய நாளில், அவள் பக்கத்தில் நின்றுகொண்டு, இந்த மனிதருக்கு முதலில் கேட்கத் தோன்றியது இது.

"சொன்னேன். இனியும் சொல்வேன். மகளைப் பார்த்தியான்னு கேளுங்க."

அந்தப் பக்கம் மகள் யாரோடோ சிரிப்பது கேட்டது. கடைசியில் சின்னக் குரலில் கேட்டார்.

"பார்த்தியா?"

"பார்த்தேன்" என்றேன்.