அந்தக் காரின் இடது பக்கம்

போன மாதம் கம்பெனி பார்க்கிங்கில் நின்றுகொண்டு ஒரு மைசூர்பாகு சாப்பிட்டேன். இன்னும் செரிக்கவில்லை.

கொடுத்தது பரிமளா. தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து லைனில் வேலை பார்க்கிறாள். கெலமங்கலத்திலிருந்து தினமும் வந்து போகிறவள். ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸை நோக்கி நடந்துகொண்டிருந்த என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

“ஸ்டெல்லாக்கா, இங்க வா. உனக்கு ஒண்ணு காட்டணும்.”

வேப்பமரத்துக்குக் கீழே ஒரு சின்ன வெள்ளை கார். செகண்ட் ஹேண்ட்தான். ஆனால் பளபளவென்று இருந்தது. முன்னால் சாமந்தி மாலை, கண்ணாடியில் குங்குமம்.

“எப்படிக்கா இருக்குது?”

என்னத்தைச் சொல்ல? அந்தக் கார் அழகாகத் தெரிகிற மாதிரி படம் எடுத்துக் கொடுத்தவளே நான்தான்.

“பாப்பாவுக்காகத்தான் வாங்கினோம். இனிமே அவளைத் தூக்கிக்கினு அத்திப்பள்ளில பஸ் மாற வேணாம். பின்சீட்டுல இடது பக்கம் ஜன்னல் எனக்குத்தான்னு இப்பவே சொல்லிட்டா!”

பாப்பா என்றால் யாழினி. ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே கால்கள் அவள் பேச்சைக் கேட்பதில்லை. வாரம் ஒருமுறை பெங்களூரில் பிசியோதெரபி. ஒன்பது வயதுப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று பஸ் மாறிப் போகிற அம்மாவை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன்.

இடது பக்கம் என்று அவள் சொன்னதும் வாயிலிருந்த மைசூர்பாகு அப்படியே நின்றுவிட்டது. அந்தக் காரின் இடது பக்கத்தைப் பற்றி எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாரத்தில் ஆறு நாள் என் வேலை குறை கண்டுபிடிப்பது. வீட்டில் அல்ல... அது இலவசச் சேவை! பெயின்ட் அடித்து வரும் பைக் பாகங்களை ட்யூப்லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு தூசி, ஒரு கீறல், ஒரு சின்னக் குமிழ் இருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். பதினான்கு வருடமாக இதே வேலை. பளபளப்பான எதைப் பார்த்தாலும் அதில் என்ன கோளாறு என்று தேடுகிற கண்ணாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கார்களைப் படம் எடுக்கலாமே என்று இரண்டு வருடத்துக்கு முன் தோன்றியது. காரணம், நாங்களே ஒரு பழைய கார் வாங்கலாமா என்று போனில் தேடியதுதான். என்ன படங்கள் அவை! ஒரு காரின் பின்னால் கொடியில் லுங்கி காய்கிறது. இன்னொன்றில், எடுத்தவரின் செருப்புக் கால் கார் கதவில் பளிச்சென்று தெரிகிறது. ‘இதைவிட நான் நல்லா எடுப்பேனே’ என்றேன். ‘எடேன்’ என்றார் என் கணவர் சேவியர். கார் வாங்கும் திட்டம் போய், கேமரா வாங்கும் திட்டம் வந்தது.

முதல் வாடிக்கையாளர் முனிராஜு. ஓசூர் பைபாஸ் பக்கத்தில் பழைய கார்களை வாங்கி விற்பவர். முதல் நாள் கேமராவோடு போய் நின்றேன். வரவேற்று, நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, “போட்டோகிராபர் எப்ப வருவார் மேடம்?” என்று கேட்டார். டீயைக் குடித்துவிட்டு, “வந்து பத்து நிமிஷம் ஆச்சுங்க” என்றேன்.

அப்புறம் நன்றாகவே பழகிவிட்டார். ஞாயிறு விடிந்ததும் நான்கைந்து கார்களை ஆள் வைத்து கெலமங்கலம் ரோட்டுக்குக் கொண்டுவருவார். அங்கே தைலமரங்கள் வரிசையாக நிற்கும். காலை வெயில் சாய்ந்து விழும்போது எந்தப் பழைய காரும் பத்து வயது குறைந்து நிற்கும். என் படங்களால் வண்டிகள் சீக்கிரம் போகின்றன என்று அவர் சொன்னபோது பெருமையாக இருந்தது. தொழிற்சாலையில் பதினான்கு வருடத்தில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

அந்த வெள்ளை காரையும் அங்கேதான் எடுத்தேன். முதலில் இடது பக்கமாக நின்று ஒரு படம் எடுத்தேன். எடுக்கும்போதே தெரிந்துவிட்டது. நல்ல பெயின்ட் என்றால் எதிரே நிற்கிற மரத்தின் பிம்பம் அதில் நேராக விழும். இந்தக் காரில், பின் டயருக்கு மேலே, தைலமரம் வளைந்து நெளிந்தது. பின்னால் பலமாக அடி வாங்கி, ஒட்டு வேலை பார்த்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்த கார்.

“அண்ணா, இந்த இடத்துல...” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும் மேடம். ஸ்வல்ப... கொஞ்சம் இந்தப் பக்கம் வந்துடுங்க. வலது பக்கம் சூப்பரா இருக்குது.”

வந்துவிட்டேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. நாலு அடி நடந்தேன். பொய் சொல்லவில்லை. எதையும் அழிக்கவில்லை, கம்ப்யூட்டரில் எதையும் மாற்றவில்லை. நாம் எல்லோரும் செய்வதுதானே? பெண் பார்க்க அனுப்பும் போட்டோவில் என்ன செய்கிறோம்? வாடகை வீட்டைக் காட்டும்போது ஈரம் ஏறிய சுவர் முன்னால் பீரோவை நகர்த்தி வைப்பதில்லையா? இப்படியெல்லாம் எனக்கு நானே அன்றைக்குச் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. ஏனென்றால் அப்போது உறுத்தவே இல்லை. அதுதான் இப்போது உறுத்துகிறது.

பார்க்கிங்கில் பரிமளாவிடம் “நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். ஆமாம்... சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

வீட்டில் சேவியரிடம் சொன்னேன்.

“நீ இருந்ததைத்தானே எடுத்த?” என்றார், ஆறுதலாக.

“இருந்ததுல பாதியை.”

எழுந்துபோய்ச் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்து வைத்தார். நல்ல மனுஷன்.

மறுநாள் லைனில் ஒரு பாகத்துக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். கடுகளவு தூசி. வாங்கப்போகிறவர் யாரென்றே தெரியாது, அவர் கண்ணுக்கு அது தெரியவும் தெரியாது. அதற்கு ஸ்டிக்கர். பரிமளா உட்கார்ந்திருக்கிற வண்டிக்கு..?

சாப்பாட்டு இடைவேளையில் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். ‘சொன்னதுக்கு நன்றிக்கா’ என்பாள் என்றுகூட உள்ளுக்குள் எங்கோ ஒரு ஆசை இருந்திருக்க வேண்டும். டிபன் பாக்ஸை மூடினாள். என்னையே பார்த்தாள்.

“உனக்கு முன்னயே தெரியுமா?”

“தெரியும்.”

“போட்டோ பாத்துதான்க்கா போனேன். அவரு வேற வண்டி பாக்கலாம்னாரு. நான்தான் இது வேணும்னேன். நல்லா பளிச்சுனு இருந்துச்சு.” எழுந்தாள். “நேத்து ஸ்வீட் சாப்ட்டியே... அப்பவும் தெரியும்தானே?”



அவள் கணவர் மாதேஷ் டெம்போ டிரைவர். வாங்கும்போது இன்ஜின், பிரேக், கிளட்ச் எல்லாம் ஓட்டிப் பார்த்தவர்தான். உடம்பைத் தட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. அந்தச் சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் தேன்கனிக்கோட்டை ரோட்டில் இருக்கிற மெக்கானிக் பாஷா பாயிடம் வண்டியைக் கொண்டுபோனார்கள். கூப்பிடாமலே நானும் போனேன். பரிமளா என் பக்கம் திரும்பவில்லை.

பாஷா பாய் காரைத் தூக்கி நிறுத்தி, அடியில் டார்ச் அடித்து, சாவியால் இங்கும் அங்கும் தட்டிப் பார்த்தார். வலது பக்கம் ஒரு சத்தம், இடது பக்கம் வேறு சத்தம்.

“ஓடும்மா. நல்லாவே ஓடும். ஆனா பின்னாடி எவனாவது முட்டினா, இந்தப் பக்கம் தாங்காது.”

இந்தப் பக்கம் என்று அவர் கை வைத்த இடத்தில்தான் யாழினியின் தலையணை இருந்தது. பூப்போட்ட உறை. அதற்குள்ளேயே கொண்டுவந்து வைத்துவிட்டிருந்தார்கள்.

அங்கிருந்து நேராக முனிராஜுவிடம். அவர் கோபப்படவில்லை. பழகிய வேலை போல, நிதானமாகப் பேசினார்.

“ஓட்டிப் பாத்துதானே எடுத்தீங்க? பழைய வண்டின்னா நாலு வேலை பாத்துத்தான் இருக்கும். அடிபட்டது எனக்கே தெரியாது சார்.”

மாதேஷ் வண்டிச் சாவியை மேஜைமேல் வைத்தார். சத்தம் போட்டுப் பழக்கமில்லாதவர். பரிமளா வெள்ளை காரின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

நான் பையிலிருந்து கேமராவை எடுத்தேன். முதலில் எடுத்த படம் அழியாமல் இருந்தது. வளைந்த தைலமரத்தோடு.

“அண்ணா, இந்தப் படத்தை எடுத்தப்ப நீங்க என் பக்கத்துல நின்னீங்க. தெரியும்னு சொன்னீங்க. நகரச் சொன்னீங்க, நானும் நகந்தேன்.”

அவர் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் தெரிந்தது கோபத்தைவிட ஆச்சரியம்தான்.

“மேடம், நீங்க என் ஆளா, அவங்க ஆளா?”

நியாயமான கேள்வி. இரண்டு வருடமாக எனக்கு டீ வாங்கிக் கொடுத்தவர் அவர். படம் எடுக்கிற பெண்ணை யாரும் நம்பாத நேரத்தில் சாவியைக் கையில் கொடுத்தவர். இருந்தாலும் சொன்னேன்.

“பின்சீட்டுல நடக்க முடியாத ஒரு குழந்தை உக்காரும்ணா. நீங்க வண்டியை மாத்திக் குடுக்கலைன்னா இந்தப் படத்தை நான் எல்லாருக்கும் காட்டுவேன். என் பேரும் சேந்துதான் கெடும். கெடட்டும்.”

 ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் கர்நாடகா பக்கம் போய்க்கொண்டே இருந்தன. முனிராஜு உள்ளே போய் கன்னடத்தில் யாரிடமோ போனில் பேசினார். வெளியே வந்தார்.

“குழந்தை விஷயம் யாரும் சொல்லலை” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. “சரி, வேற எதுனா பாருங்க.”

பாஷா பாய் வந்து எல்லா வண்டிகளையும் தட்டிப் பார்த்தார். கடைசியில் ஒரு மூலையில் நின்ற சாம்பல் நிறக் காரைக் காட்டினார். இரண்டு வயது மூத்தது. பானெட்டில் பெயின்ட் வெளிறி, பம்பரில் ஒரு நீளக் கீறல். அதை விற்பதற்காக நான் ஒருமுறை படமெடுத்து, எந்தக் கோணத்திலும் அழகு வராமல் கைவிட்டிருந்தேன். “இது மொரடு. ஆனா அடிபடாத வண்டி” என்றார். அதையே எடுத்துக்கொண்டார்கள்.

முனிராஜு அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. அவருக்குத் தெரிந்த மற்ற வியாபாரிகளும் கூப்பிடவில்லை. ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாமலா இருப்பார்கள்? அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஓசூரில் என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் திடீரென்று காலியாகிவிட்டன. சர்ச்சுக்குச் சரியான நேரத்துக்குப் போக ஆரம்பித்தேன். ஃபாதர் ஆச்சரியப்பட்டார்.

ஆனால் கேமராவை விற்கவில்லை. இப்போது சொந்தக் காரை விற்கிறவர்களுக்கு மட்டும் எடுத்துத் தருகிறேன், ஒரு நிபந்தனையோடு. அழகான படங்கள் எத்தனை வேண்டுமானாலும் எடுப்பேன். கூடவே கீறல், நெளிசல், துரு எல்லாவற்றையும் கிட்டப்போய் எடுப்பேன். இரண்டும் சேர்ந்தேதான் போகும். கேட்ட பத்துப் பேரில் எட்டுப் பேர், “யோசிச்சுச் சொல்றேன் மேடம்” என்றார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒப்புக்கொண்டவர்களில் ஒருவர் பாரூரில் கரும்பு போட்டிருக்கிற விவசாயி. அவருடைய பழைய ஜீப்பின் ஓட்டைகளை எல்லாம் அவரே கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினார். “இதை எடும்மா, இதையும் எடு, இதை விட்டுட்டியே!” என்று. வாங்க வந்தவர் ஒரு நடைதான் வந்தார். வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. “எல்லாம்தான் போட்டோல பாத்துட்டேனே” என்று சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த ஒரு நாளுக்காக இந்தத் தொழிலை இன்னும் கொஞ்ச காலம் செய்யலாம் என்று தோன்றுகிறது. பெரிதாக வளராது. தெரியும்.

பரிமளா மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. பக்கத்து லைன்தான். எதிரே வந்தால் ஹேர்நெட்டைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொள்வாள். நானாகப் போய்ப் பேசவில்லை. மன்னிப்பை ஒருமுறை கேட்கலாம். தினமும் போய்க் கேட்டால் அது தொல்லை.

போன சனிக்கிழமை போனில் ஒரு படம் வந்தது. பரிமளா அனுப்பியது. கூட ஒரு வார்த்தைகூட இல்லை. சாம்பல் நிறக் காரின் ஜன்னலில் யாழினி. காற்றில் முடி முகமெல்லாம் பறக்க, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள்.

ஃபோகஸ் இல்லை, வெளிச்சம் நேர் எதிரே, மூலையில் பரிமளாவின் கட்டைவிரல் வேறு... நான் எடுத்திருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.