அரிவாள்மணையான ராஜா வாள்

வெள்ளைக்காரன் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கிய பிறகு பாளையக்காரரின் பொக்கிஷம் எங்கே போயிற்று என்று கேட்டால், எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஒரு கதை சொல்வார்கள். தங்கம் கப்பலேறியது. வெள்ளி ஏலத்தில் போயிற்று. ஒரு வாள் மட்டும் எங்கள் வீட்டுப் பரணுக்கு வந்தது. அப்பாவின் தாத்தா அரண்மனைக் கணக்கர். அவர் கைக்கு அது எப்படி வந்தது என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அம்மன் கொடைத் திருவிழாவன்று அப்பா அதைப் பட்டில் சுற்றிக் கோவிலுக்குக் கொண்டுபோவார். பூசாரி பட்டைப் பிரித்து வாளை அம்மன் காலடியில் வைத்துவிட்டு, அப்பா தலையில் பரிவட்டம் கட்டுவார். நிலமெல்லாம் கைவிட்டுப் போன பிறகு ஊரில் அப்பாவுக்கு மிஞ்சிய மரியாதை அந்தத் துண்டுத் துணிதான்.

கலெக்டர் துரையை ரயிலில் சுட்ட வருஷம், போலீசார் வீடு வீடாக ஆயுதம் தேடினார்கள். நானோ தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. வாள் அகப்பட்டால் வேலை மட்டுமா போகும்?

"ஒப்படைச்சிருவோம்ப்பா" என்றேன்.

"ஏலே, உன் உத்தியோகத்தைக் கொண்டுபோய் ஒப்படை" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் திசையன்விளைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன அன்று, வாளைப் பாயில் சுருட்டிக் கொல்லரிடம் கொண்டுபோனேன். பிடியைத் தாமிரபரணியில் போட்டேன். "நல்ல இரும்பு வே அண்ணாச்சி" என்று சொல்லி, கொல்லர் அரிவாள்மணை செய்து கொடுத்தார். போலீஸ்காரர்கள் வந்தபோது என் வீட்டுக்காரி அதில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நன்றாகவே நறுக்கியது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதன்பின் கொடை வரும்வரை அப்பா என்னோடு பேசவில்லை. கொடையன்று அடுப்படிக்குப் போய், மணைக்கட்டையைத் தட்டிக் கழற்றிவிட்டு, இரும்பை மட்டும் கழுவிப் பட்டில் சுற்றினார். ஒரு முழம்கூட இல்லை.

"இதையாப்பா கொண்டு போறீய?"

"வாள் இதுதான? கட்டைதான் நீ போட்டது."

கோவிலில் பூசாரி பட்டில் ஒரு மடிப்பைப் பிரித்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்தார். மடிப்பை மூடி, அப்படியே அம்மன் காலடியில் வைத்துவிட்டு, வழக்கம்போலப் பரிவட்டம் கட்டினார். கூட்டம் ஒன்றையும் கவனிக்கவில்லை. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

திரும்பும் வழியில் அப்பா பரிவட்டத்தை அவிழ்த்து என் கையில் கொடுத்தார்.

"பூசாரி பாத்துட்டான்லே. பாத்துட்டு, பாவம்னு கட்டி விட்டுட்டான்."