ஸ்டெல்லா டீச்சர் நடத்திய போன் பாடம்

"சார், நான் மலர்க்கொடி பேசுறேன். உக்காந்திருக்கீங்களா? பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

பழைய மாணவி ஒருத்தி காலையில் போன் செய்து இப்படிக் கேட்டால் விஷயம் என்னவாக இருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. உட்கார்ந்தேன். உட்கார்ந்துவிட்டதைச் சொன்னேன். அதன் பிறகுதான், "ஸ்டெல்லா டீச்சர் தவறிட்டாங்க சார்" என்றாள். நான் பேசும்வரை அவளும் பேசவில்லை. இப்படிப் பேசக் கற்றுக்கொடுத்ததே ஸ்டெல்லா டீச்சர்தான். அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் அவரிடம் படித்தவர்களுக்கும் இது தெரியும்.

குன்னம் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. நான் தலைமையாசிரியர், அவர் தமிழாசிரியர். வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் சவுதியிலோ சிங்கப்பூரிலோ இருந்தார்கள். வாரம் ஒருமுறை போன் வரும். அம்மா பேசி முடித்துப் பிள்ளையிடம் கொடுப்பாள். "சாப்டியா?" "சாப்டேன்." "படிக்கிறியா?" "படிக்கிறேன்." "சரி, அம்மாகிட்ட குடு." அவ்வளவுதான்.

"இது பேச்சு இல்ல சார், அட்டெண்டன்ஸ்" என்றார் டீச்சர்.

வெள்ளிக்கிழமை கடைசி பாடவேளையில் இரண்டு பிள்ளைகளை முதுகோடு முதுகாக பெஞ்சில் உட்காரவைப்பார். ஜாமெட்ரி பாக்ஸ்தான் போன். ஒருவர் அப்பா, மற்றவர் பிள்ளை. ஆமா, இல்லை என்று முடிந்துவிடுகிற கேள்வியைக் கேட்கக் கூடாது. பதிலில் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றாவது இருக்க வேண்டும். "சாப்டேன்னு சொல்லாத. என்ன சாப்ட, பக்கத்துல யாரு இருந்தா, அதச் சொல்லு" என்பார். ஒருநாள் நான் வராண்டாவில் போய்க்கொண்டிருந்தபோது ஒருவன் கேட்டான்: "அப்பா, உங்க மொதலாளி எப்படிப்பட்ட ஆளு?" அப்பாவாக இருந்தவன் சொன்னான்: "எங்க ஹெட்மாஸ்டர் மாதிரிடா. செருப்புச் சத்தம் கேட்டாலே எல்லாரும் வேலை செய்வோம்." வகுப்பே சிரித்தது. டீச்சரும்தான்.

கேள்வியைவிட அதற்குப் பிறகு வருகிற அமைதியைத்தான் அவர் அதிகம் சொல்லிக்கொடுத்தார். "கேட்டுட்டா வாய மூடணும். பதில் வர வழி விடணும்."

மலர்க்கொடி அப்போது ஏழாம் வகுப்பு. அவள் அப்பா செல்வராசு சவுதியில் கட்டட வேலையில் இருந்தார். அடுத்த வருசம் வருகிறேன் என்று தள்ளிக்கொண்டே போனார். வந்துவிடுங்கள் என்று கேட்க வீட்டில் யாருக்கும் துணிச்சல் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் மலர்க்கொடி கேட்டாள்: "அப்பா, நீங்க இருக்கற எடத்துலேருந்து பாத்தா என்ன தெரியுது?"

அவர் பேசவில்லை. இவள் பொறுத்திருந்தாள்.

"எதுத்த கட்டில்ல ஒரு கேரளாக்காரரு படுத்திருக்காரும்மா. கால்ல கட்டுப் போட்டிருக்கு."

"உங்களுக்குப்பா?"

"எனக்கு இடுப்புலம்மா."

சாரத்திலிருந்து விழுந்து வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். அங்கிருந்தபடியே ஒவ்வொரு வாரமும் சாப்டியா, படிக்கிறியா என்று கேட்டு போனை வைத்திருக்கிறார்.

மறுநாள் மலர்க்கொடியின் அம்மா பள்ளிக்கு வந்துவிட்டார். "எம்புள்ளைக்கு எதுக்கு டீச்சர் போலீஸ்காரன் மாதிரி கேக்கச் சொல்லிக் குடுத்தீங்க? அவரு மறைச்சாரு, நாங்க நிம்மதியா இருந்தோம். இப்ப இவ சோறே திங்க மாட்டேங்கறா."

டீச்சர் விளக்கம் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தார். "அதச் சொன்னப்ப அவரு குரல் எப்படிம்மா இருந்துச்சு?"

அந்தப் பெண் வெகுநேரம் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தார். "அழுதாரு டீச்சர். கல்யாணம் ஆனதுலேருந்து அவரு அழுது நான் கேட்டதில்ல." பிறகு, "வந்துடுங்கன்னு சொல்லிட்டேன்" என்றார்.

அவர் போனதும், இந்தப் பாடத்தைத் தொடரத்தான் வேண்டுமா என்று கேட்டேன். "தொடரணும் சார். ஆனா ஒண்ண விட்டுட்டேன். கேக்கத் தெரிஞ்சா மட்டும் போதாது. கெட்ட சேதி வந்தா என்ன பண்றது, அத எப்படிச் சொல்றதுன்னு நான் அந்தப் பொண்ணுக்குச் சொல்லிக் குடுக்கவே இல்லியே" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை அதுதான் பாடம். சொல்லப்போகிறவர் முதலில், கேட்பவர் உட்கார்ந்திருக்கிறாரா, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும். செல்வராசு அந்த ஆண்டே ஊர் திரும்பி பெட்டிக்கடை வைத்தார்.

டீச்சரின் அடக்கத்துக்கு அரியலூர் வந்து அவர் ஊரான ஏலாக்குறிச்சிக்கு பஸ் பிடித்துப் போனேன். டீச்சரின் கணவர் அந்தோணிசாமி சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் எல்லாரும் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசத் தேத்திக்குங்க", "ஒருவாய் காப்பி குடிச்சீங்களா?" என்றார்கள். எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினார். செல்வராசு இடுப்பைச் சாய்த்தபடி மெதுவாக நடந்து வந்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அந்தோணிசாமி அருகில் போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, டீச்சர் கடைசியா உங்ககிட்ட என்ன பேசிக்கிட்டிருந்தாங்க?"

பதில் இல்லை. செல்வராசு மறுபடி கேட்கவுமில்லை, எழுந்து போகவுமில்லை. வெளியே ஜெபமாலை சொல்லும் குரல் ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கியது.

"கொய்யா மரத்துல அணில் எல்லாத்தயும் கடிச்சுப் போடுதுன்னு திட்டிக்கிட்டிருந்தா" என்றார் அந்தோணிசாமி. "என்னயும் சேத்துத்தான். வலை கட்டச் சொன்னாளாம், நான் கட்டலயாம்." அதன் பிறகு வண்டி வரும்வரை அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

டீச்சரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இதுதான். என் மகன் சென்னையில் இருக்கிறான். ஞாயிறுதோறும் பேசுவான். சாப்பிட்டாயா என்பதுதான் இன்றைக்கும் முதலில் வாயில் வருகிறது. அதை விழுங்கிவிட்டு, இந்த வாரம், இருக்கிற இடத்திலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்டேன். அவன் உடனே பதில் சொல்லவில்லை.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.